இல்லை என்று சொல்லத் தெரியாத முதலாளி

ஏற்காட்டு லாட்ஜுகளின் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களைக் கவனித்துக்கொள்ளப் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே! உங்களோடு பேச என்னைக் கூப்பிட்டவர்கள், "டிஜிட்டல் துறையின் முன்னோடி" என்று என்னை அறிமுகப்படுத்தினார்கள். சிரிப்பை அடக்கிக்கொள்ளச் சிரமப்பட்டேன். பல வருடம் ரிசப்ஷனில் சாவி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள் நான். லாட்ஜுக்கும் ஒரு பேஜ் வேண்டும் என்று முதலாளிக்கு ஒருநாள் தோன்றியது. தமிழில் வேகமாக டைப் அடிக்கத் தெரிந்த ஆள் அந்தக் கட்டடத்திலேயே நான் ஒருத்திதான் என்பதால் அது என் தலையில் விழுந்தது. நான் முன்னோடியான கதை இவ்வளவுதான்.

எத்தனை மணிக்குப் போஸ்ட் போடவேண்டும், எத்தனை ஹாஷ்டேக் வைக்கவேண்டும், ரீல்ஸுக்கு எந்தப் பாட்டு என்றெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பனிக்கு நடுவே காபிக் கோப்பையை ஒரு கை தூக்கிப் பிடித்திருக்கும் உங்கள் படங்களை நானும் பார்க்கிறேன். எல்லா லாட்ஜுக்கும் அதே கோப்பை, அதே கை. அந்தக் கைக்குச் சொந்தக்காரர் ஒருவரே மலை முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கிறாரோ என்று எனக்கு வெகுநாளாகச் சந்தேகம். படங்கள் அழகாகத்தான் இருக்கின்றன, குறை சொல்லவில்லை. நான் பேசப்போவது படத்துக்குக் கீழே நடப்பதைப் பற்றி. அதாவது கமெண்ட்.

எங்கள் லாட்ஜ் ஏரியைத் தாண்டி மஞ்சக்குட்டை போகிற பக்கம் இருக்கிறது. பெரிய இடமில்லை. குடும்பங்கள் தங்குவதற்குக் கொஞ்சம் அறைகள், கீழே ஒரு சாப்பாட்டுக் கூடம், பின்பக்கம் முதலாளியின் வீடு. முதலாளி குழந்தைவேல் இளவயதில் சேலத்திலிருந்து மேலே வந்து, முதலில் ஒரு கடை வைத்து, பிறகு இந்த லாட்ஜைக் கட்டியவர். தங்கமான மனிதர். அவரிடம் இருந்தது ஒரே ஒரு கோளாறுதான். "ரூம் இல்லை" என்ற சொல் அவர் வாயில் வராது.

நான் கூட்டிச் சொல்லவில்லை. எல்லா அறையும் நிரம்பி, சாவிப் பலகையில் வெறும் ஆணிகள் மட்டும் நிற்கும். அந்த நேரத்தில் வாசலில் ஒரு கார் வந்து நின்று, "ரூம் இருக்குங்களா?" என்று யாராவது கேட்டால், இவர் நாற்காலியை விட்டு எழுந்து, "வாங்க வாங்க, பாத்துக்கலாம்" என்பார். சொல்லி முடித்த பிறகுதான் போனை எடுப்பார். தலைச்சோலையில் காபித் தோட்டம் வைத்திருக்கும் சிநேகிதர் வீட்டு மாடி, கிளியூர்ப் பக்கம் காலியாகக் கிடக்கும் எஸ்டேட் குவார்ட்டர்ஸ், வேறு லாட்ஜில் கேன்சலான அறை என்று எங்கேயாவது ஓரிடம் பிடித்துவிடுவார். வந்தவர்களை அவர் திருப்பி அனுப்பி நான் பார்த்ததில்லை.

அவர் மனைவி ருக்மணியம்மா சொல்வார்: "அந்தச் சொல்லு எங்கூட்டுக்காரருக்குப் பொறந்ததுல இருந்தே வராது செல்வி. என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப எங்கப்பா, 'இன்னும் ரெண்டு வெக்கட்டுங்களா, இன்னும் ரெண்டு வெக்கட்டுங்களா'ன்னு இட்லியா வெச்சுட்டே இருந்தாரு. இவரு போதுமுன்னே சொல்லல. அப்பறம் ஊட்டுக்குப் போயி வயித்தப் புடிச்சுட்டுப் படுத்துக்கிட்டாராம். நல்ல சம்பந்தமுன்னு அப்பவே எங்கப்பா முடிவு பண்ணிட்டாரு."

கல்லாவில் உட்கார்ந்திருக்கும்வரை இந்தக் குணத்தால் ஒரு கெடுதலும் வரவில்லை. வாசலில் ஒரு நேரத்துக்கு ஒரு குடும்பம்தானே நிற்கும்? அவரும் சமாளித்துக்கொண்டிருந்தார்.

பேஜ் என் கைக்கு வந்தபோது அதில் ரோஜாப் பூவும் "இனிய காலை வணக்கம்" என்ற வாசகமும்தான் தினமும் வந்துகொண்டிருந்தன. எல்லாம் முதலாளி யாரையோ பிடித்துப் போடச் சொன்னது. நான் அதை நிறுத்தினேன். தினமும் காலையில் லாட்ஜ் கேட்டுக்கு வெளியே நின்று ரோட்டை ஒரு படம் எடுப்பேன். பனியாக இருந்தால் பனி, மழையாக இருந்தால் மழை, ஒன்றும் தெரியாவிட்டால் ஒன்றும் தெரியாத வெள்ளைப் படம். "மேலே இன்றைக்கு நிலவரம் இதுதான், ஸ்வெட்டர் எடுத்து வாருங்கள்" என்று இரண்டு வரி எழுதுவேன். கீழே நாற்பது டிகிரி வெயிலில் உட்கார்ந்திருக்கும் ஜனங்களுக்கு அது பிடித்துப்போயிற்று. முதலாளியின் மகன் பிரபு கோயம்புத்தூரில் எம்.பி.ஏ. படித்துவிட்டு, பெங்களூரில் கொஞ்ச காலம் வேலை பார்த்துத் திரும்பியிருந்தான். அவன் இதைப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுக்குப் பேருதான் அத்தென்டிக் கன்டென்ட்" என்றான். பேர் வைத்ததற்கு நன்றி என்றேன்.

அதே பிரபுதான் அந்தப் பொங்கலுக்கு அப்பாவின் போனிலும் பேஜைத் திறந்து வைத்தான். தன் லாட்ஜுக்கு எத்தனை பேர் லைக் போடுகிறார்கள் என்று அப்பாவும் பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்ற நல்ல எண்ணம். லைக்கைப் பார்க்கிறவர் கமெண்டையும் பார்ப்பார், அதற்குப் பதிலும் எழுதுவார் என்பதை எம்.பி.ஏ.வில் சொல்லிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது.

மே மாதம் மலர்க் கண்காட்சி வந்தது. அந்தச் சமயத்தில் ஏற்காட்டில் கார் நிறுத்தவே இடம் கிடைக்காது, அறைக்கு எங்கே போவது? எங்கள் அறைகள் எல்லாம் முன்கூட்டியே போய்விட்டன. கண்காட்சி வாரத்தில் புதன்கிழமை நான் ஒரு படம் போட்டேன். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே பனி இறங்க, குரங்குத் தொப்பி போட்ட ஒரு குழந்தை மிளகாய் பஜ்ஜியைக் கடித்துவிட்டு அழுகிற படம். அது எங்கேயோ போய்விட்டது. நீங்கள் சொல்வீர்களே ரீச் என்று, அது. வியாழக்கிழமை என் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்காக லீவு எடுத்துச் சேலத்தில் இருந்தேன். வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் ஏறி மேலே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, பேஜைத் திறந்தேன்.

"இந்த வீக்எண்ட் ரூம் கிடைக்குமா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். கீழே எங்கள் லாட்ஜ் பெயரில் பதில்: "வாங்க பாத்துக்கலாம்."

"ரெண்டு ஃபேமிலி வர்றோம், எக்ஸ்ட்ரா பெட் உண்டா?" "வாங்க பாத்துக்கலாம்."

"நாய்க்குட்டி கூட்டிட்டு வரலாமா?" "வாங்க பாத்துக்கலாம்."

"போன தடவை உங்க லாட்ஜ்ல வெந்நீரே வரல." "வாங்க பாத்துக்கலாம்."

விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. எண்ண ஆரம்பித்து, பயந்துபோய் விட்டுவிட்டேன். இத்தனையையும் ஒற்றை விரலால் அந்த மனிதர் எப்படி அடித்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. "வா" என்று தொட்டாலே மிச்சத்தை அவருடைய போனே எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. அவர் குணம் போனுக்கும் பழகிவிட்டது.

முதலாளி பக்கத்திலேயே கல்லாவில் உட்கார்ந்திருந்தார். போனை அவரிடம் காட்டினேன்.

"ஆமாங்க செல்விம்மா, நாந்தான் எழுதுனேன். நீங்க லீவுல இருந்தீங்க, பாவம் கேட்டுட்டே இருந்தாங்க. நம்மகிட்டக் கேக்கறவங்களுக்குப் பதில் சொல்லாம இருந்தா மருவாதையா இருக்குங்களா?" என்றார், என்னைக் காப்பாற்றிவிட்ட திருப்தியோடு.

"நம்மகிட்ட ஏதுங்கய்யா ரூம்?"

"அது வந்தாப் பாத்துக்கலாமுங்க."

"எல்லாரும் இன்னிக்குச் சாயங்காலமே வந்தா?"

அவர் யோசித்தார். அந்த முகத்தில் நிறம் மாறுவதை நான் பார்த்தேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத்தான் அவர் பதில் சொல்லியிருந்தார். அத்தனை பேரும் ஒரே வாசலுக்குத்தான் வருவார்கள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

பிரபு வந்தான். விஷயம் தெரிந்ததும் கத்தவில்லை. அவன் கத்தாமல் பேசினால்தான் எனக்குப் பயம்.

"செல்விக்கா, அப்பா எழுதுனது எல்லாத்தையும் டெலீட் பண்ணிருங்க. பேஜை யாரோ ஹேக் பண்ணிட்டாங்கன்னு ஒரு போஸ்ட் போட்ருங்க" என்றான். பிறகு அப்பா பக்கம் திரும்பினான். "அப்பா, நான் நொம்ப நாளாச் சொல்லிட்டு இருக்கறேன். நீங்க உக்காந்து பாத்ததெல்லாம் போதுங்க. இன்னிக்கு எவனாச்சும் ஒருத்தன் நம்ம கேட்டுல நின்னு வீடியோ எடுத்துப் போட்டான்னா, நாளைக்குக் கல்லாவுல நான் உக்காந்துக்கறேன். நீங்க சேலத்து ஊட்டுக்குப் போயி நிம்மதியா இருங்க."

கோபத்தில் சொன்னதல்ல அது. அப்பாவின் வயசை நினைத்தும் சொன்னான், லாட்ஜின் பெயரை நினைத்தும் சொன்னான். ஆனால் முதலாளி மேஜை விளிம்பைக் கையால் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த நாற்காலி போனால் அந்த மனிதருக்கு வேறு என்ன இருக்கிறது? சேலத்து வீட்டு வாசலில் நின்று, ரோட்டில் போகிறவர்களை எல்லாம் "வாங்க வாங்க" என்று கூப்பிடவேண்டியதுதான்.

இந்த இடத்தில்தான் பிள்ளைகளே, உங்கள் கை தானாக டெலீட் பொத்தானுக்குப் போகும். என் கையும் போயிற்று. போனது நின்றதற்குக் காரணம் என் நல்ல குணமில்லை. பஸ்ஸில் வரும்போது மலைப்பாதையில் எனக்கு முன்னால் போன கார்கள் கண்ணுக்குள் நின்றன. கண்காட்சி நாட்களில் மேலே ஏறுவது ஒரு வழி, இறங்குவது குப்பனூர் வழி. ஏற ஆரம்பித்தவன் பாதியில் திரும்ப முடியாது. கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னலும் வந்து வந்து போகும். நாம் இங்கே டெலீட் செய்தால், ஏறிக்கொண்டிருப்பவனுக்கு அது தெரியாது. ஆனால் யார் யாரெல்லாம் நம்மை நம்பிக் கிளம்பினார்கள் என்பது நமக்கும் தெரியாமல் போய்விடும். அழிக்கிற வேலையால் அன்றைக்கு லாபம் யாருக்கு என்று பார்த்தேன். நமக்கும் இல்லை, அவர்களுக்கும் இல்லை.

"அழிக்க வேண்டாம் பிரபு. ஹேக்குன்னும் சொல்ல வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எடுக்காதவங்க இந்தக் காலத்துல யாரு இருக்கறாங்க? ஒவ்வொருத்தரா ஒரே ஒரு கேள்வி கேப்போம். கெளம்பிட்டீங்களா, இல்லையா?"

அவனுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் உட்கார்ந்தான். கமெண்டுகளைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டு இரண்டு பேரும் எழுத ஆரம்பித்தோம். "எங்கள் முதலாளி அவசரப்பட்டு வாங்க என்று சொல்லிவிட்டார். உண்மையில் அறை இல்லை. நீங்கள் கிளம்பிவிட்டீர்களா?" இவ்வளவுதான் எழுதியது.

கேட்டவர்களில் பாதிப் பேருக்கு வருகிற உத்தேசமே இல்லை என்பது அப்போது தெரிந்தது. ஒருவர் துபாயிலிருந்து சும்மா கேட்டிருக்கிறார். இன்னொருவர் எல்லா ஊர் லாட்ஜிலும் இதையே கேட்பாராம், அது அவருக்கு ஒரு பொழுதுபோக்கு. ஈரோட்டுக்காரர் ஒருவர், "இப்பவாச்சும் சொன்னீங்களே, நாங்க பவானிக்குப் போயிக்கறோம்" என்று எழுதினார். சிலர் திட்டினார்கள். திட்டட்டும், வீட்டில் உட்கார்ந்து திட்டுகிறவருக்கு அறை தேவையில்லை. பதிலே சொல்லாதவர்கள்தான் எனக்குக் கவலையாக இருந்தார்கள். அவர்கள் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கலாம். அவர்களுக்காக முதலாளியே பேசி ஒரு வீடியோ போடலாம் என்றேன். அறை உண்டு என்று வாக்குக் கொடுத்தவரே வந்து இல்லை என்று சொன்னால்தான் நம்புவார்கள்.

முதலாளி சட்டையை மாற்றிக்கொண்டு, தலையைச் சீவிக்கொண்டு வந்து நின்றார். நான் போனைப் பிடித்தேன்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. நாந்தான் லாட்ஜு மொதலாளி பேசறனுங்க. மலர்க் கண்காட்சிக்கு வர்றவங்களுக்கு ஒரு விசயமுங்க. நம்மகிட்ட ரூம் இல்லீங்க." இதுவரை பிரமாதம். ஒரு விநாடி போயிருக்கும். "இருந்தாலும் பரவால்லீங்க, வாங்க, பாத்துக்கலாம்."

"அய்யா!"

"வந்துருச்சுங்க செல்விம்மா. இன்னொருக்கா எடுங்க."

இன்னொரு தரம் எடுத்தோம். "ரூம் இல்லீங்க. யாரும் வர வேண்டாமுங்க" என்றார் கறாராக. பிறகு அவர் முகம் இளகியது. "கைக்கொழந்தைக்காரங்களா இருந்தா மட்டும் வாங்க." அடுத்த தரம் கைக்குழந்தையோடு வயசானவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அதற்கடுத்த தரம், "வந்தீங்கன்னா ஒரு டீயாச்சும் குடிச்சுட்டுப் போங்க." பிரபு சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான். சமையலறை வாசலில் ருக்மணியம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். கடைசியில் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். "ரூம் இல்லீங்க" என்று அவர் சொல்லி முடித்த அந்த நொடியிலேயே ரெக்கார்டிங்கை நிறுத்தினேன். மிச்சம் அவர் வாயில் வந்திருக்கும், போனில் பதியவில்லை.

சுவரிலிருந்து நெற்றியை எடுத்த பிரபுவின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. "அக்கா, அந்த மொதல் டேக் இருக்குதில்ல, அதைப் போடுங்க. ரூம் இல்ல, ஆனா வாங்க! இது பத்திக்கும் அக்கா. நம்ம பேஜுக்கு இந்த மாதிரி ஒண்ணு எப்பவும் கெடைக்காது."

அவன் சொன்னதில் தப்பில்லை. பற்றிக்கொண்டுதான் இருந்திருக்கும். உங்களில் யாராக இருந்தாலும் அதைத்தான் போட்டிருப்பீர்கள், மறுக்காதீர்கள், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. நானும் கொஞ்சம் ஆடித்தான் போனேன். ஆனால் அந்த வீடியோ "வாங்க" என்றுதான் முடிகிறது. சிரிக்கிறவன் சிரித்துவிட்டுப் போவான். அடிவாரத்தில் டீ குடித்துக்கொண்டு இருப்பவன் அதைப் பார்த்துவிட்டு, சரி, போனால் கிடைக்கும் என்று மலை ஏறுவான். அதோடு, ஒரு மனிதர் தன் நாற்காலி போய்விடுமோ என்று கலங்கி நிற்கும்போது எடுத்ததை ஊர் சிரிக்கப் போடுவதற்கு எனக்கு மனசு வரவில்லை. சுவையில்லாத அந்தக் குட்டி வீடியோவைத்தான் போட்டேன். லைக் கொஞ்சம்தான் வந்தது. ஆனால் அடிவாரத்திலிருந்து மூன்று, நான்கு பேர் போன் செய்து, "சேலத்துலயே தங்கிக்கறோம், காலைல ஏறிக்கறோம்" என்றார்கள். அன்றைக்கு அதுதான் எனக்கு ரீச்.

சாயங்காலம் பனி இறங்க ஆரம்பித்த நேரத்தில், எதையும் பார்க்காமல் வந்தவர்கள் வந்து சேர்ந்தார்கள். பயந்த அளவுக்குக் கூட்டமில்லை, சில குடும்பங்கள்தான். முதலாளிக்கு இது தெரிந்த வேலை. போனை எடுத்தார். ஒரு குடும்பம் தலைச்சோலை சிநேகிதர் வீட்டு மாடிக்குப் போயிற்று. இன்னொன்றை மஞ்சக்குட்டை ஜீப்பில் ஏற்றி, தெரிந்தவர் வீட்டுக்கு அனுப்பினார். கடைசியாக ஒரு குடும்பம் நின்றது. அவர்களை அனுப்பிவைக்க அவருக்கு வேறு இடம் எதுவும் மிச்சமில்லை.

ஓசூரிலிருந்து வந்தவர்கள். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், காரிலிருந்து இறங்க முடியாமல் கால் மரத்துப்போன ஒரு பாட்டி. அந்தக் கணவன் இறங்கியதுமே போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான்.

"பாருங்க மக்களே, இதுதான் அந்த லாட்ஜு. வாங்க பாத்துக்கலாம்னு எழுத்துல குடுத்துட்டு, இப்ப ரூம் இல்லையாம். ஸ்கிரீன்ஷாட் இருக்கு எங்கிட்ட. இவங்கள நம்பி வயசானவங்களக் கூட்டிட்டு வந்திருக்கோம்."

பிரபு அந்தப் போனை மறைக்கக் கையை நீட்டிக்கொண்டு பாய்ந்தான். அவன் முழங்கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன். இதை மட்டும் எழுதியே வைத்துக்கொள்ளுங்கள். உங்களைப் படம் எடுக்கிறவனின் போன்மேல் கை வைக்காதீர்கள். அதுவரை அவன் புகார் சொல்லிக்கொண்டிருப்பான். கை பட்டதும் அது அடிதடி ஆகிவிடும், அதற்குப் பிறகு நீங்கள் சொல்வதை ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

முதலாளி படியிறங்கிக் கேமராவுக்கு நேராகப் போய் நின்றார். "எழுதுனது நாந்தானுங்க. இந்தப் பசங்க மேல ஒண்ணும் தப்பில்லீங்க."

"அதெல்லாம் இருக்கட்டும். ரூம் இருக்கா, இல்லையா? அதைச் சொல்லுங்க."

முதலாளி வாயைத் திறந்தார். நாங்கள் எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். வரவில்லை. "எங்கூட்டுல தங்கிக்கங்க. பின்னாடிதானுங்க" என்றார்.

ருக்மணியம்மாவைக் கேட்காமல் சொல்லிவிட்டாரே என்று நான் பின்பக்கம் ஓடினேன். அந்த அம்மா அதற்குள் கட்டிலில் விரிப்பு மாற்றி, தன் மாத்திரை டப்பாவையும் தலையணையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். "வண்டிச் சத்தம் கேட்டப்பவே தெரியும்" என்றார் என்னிடம். பிறகு, வீட்டுக்குள்ளும் படம் எடுத்துக்கொண்டே வந்தவனைப் பார்த்து, "ஏனுங்க, அந்தப் போனக் கீழ வெச்சுட்டு உங்கம்மாளக் கைத்தாங்கலாப் புடிச்சுக் கூட்டியாங்க. பனி எறங்குது, தெரியலீங்களா?" என்று ஒரு அதட்டல் போட்டார். அவன் போனை இறக்கினான்.

இறக்கினானே தவிர, எடுத்ததைப் போடாமல் விடவில்லை. பாட்டிக்கு வெந்நீர் கொடுத்து, பிள்ளைகளுக்குத் தோசை ஊற்றிப்போட்டுக்கொண்டிருக்கும்போதே அந்த வீடியோ வந்துவிட்டது. மனம் மாறிப் பாராட்டி எழுதினான் என்று நான் சொல்வேன் என எதிர்பார்க்கிறீர்கள், இல்லையா? அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பாதிப் பேர் எங்களைத் திட்டினார்கள், பாதிப் பேர் சிரித்தார்கள். நான் அந்த வீடியோவுக்குக் கீழே, "இவர் சொல்வது உண்மை. அறை இல்லாமல் வாக்குக் கொடுத்தது எங்கள் தவறு. இவர்கள் இப்போது எங்கள் முதலாளி வீட்டில் தங்கியிருக்கிறார்கள்" என்று லாட்ஜ் பெயரிலேயே எழுதினேன். வேறு எதுவும் சேர்க்கவில்லை. சண்டைக்கு வந்திருந்தவர்களில் சிலருக்கு அதற்குமேல் எழுத ஒன்றும் கிடைக்காமல் போயிற்று.

அதற்குப் பிறகு பேஜில் இரண்டு மாற்றம் செய்தோம். காலையில் போடுகிற நிலவரத்தில் பனி, மழையோடு அறை இருக்கிறதா இல்லையா என்பதையும் எழுதினோம். அறை கேட்டு யார் கமெண்ட் போட்டாலும், சாவிப் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் பதில் என்று வைத்துக்கொண்டோம். உங்கள் ஏஜென்சிக்காரர்கள் இதைப் படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, ஸ்ட்ராட்டஜி என்று திரையில் காட்டுவார்கள். காட்டட்டும். கமெண்ட் எழுதுகிற இடமும் ரிசப்ஷன்தான். கல்லாவில் நின்று சொல்ல முடியாததை அங்கேயும் எழுதாதீர்கள். கல்லாவில் ஒருவருக்குச் சொல்வது அங்கே ஊருக்கே சொன்னதாகிவிடும் என்பதையும் மறக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஸ்ட்ராட்டஜி அவ்வளவுதான்.

முதலாளி என்ன ஆனார் என்று சொல்லாமல் போனால் என்னை விடமாட்டீர்கள்.

சனிக்கிழமை காலை. அவர் இரவெல்லாம் சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டுப் படுத்திருந்தார். எழுந்து, முகம் கழுவி, திருநீறு பூசிக்கொண்டு, வழக்கம்போல் கல்லாவில் வந்து உட்கார்ந்தார். பிரபு எதிரே வந்து நின்றான். அவன் கண் சிவந்திருந்தது. அந்த வீடியோவின் கமெண்டுகளை விடிய விடியப் படித்திருக்கிறான் என்று தெரிந்தது.

"அப்பா, நேத்துச் சொன்னதுதானுங்க. வீடியோ வந்துருச்சு. சனங்க உங்களப் பத்தி எழுதறதப் படிக்க முடியலீங்கப்பா எனக்கு. நீங்க கெளம்புங்க. மத்தியானம் நானே கொண்டுபோய் விட்டுட்டு வர்றேன்."

முதலாளி என்ன சொல்வார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. மகன் கேட்கிறான். கேட்கிறவர்களுக்கு அவர் எதை மறுத்தார்? "சரி சாமி, பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு எழுந்துகொள்வார், அதோடு முடிந்தது என்று நினைத்து நான் சாவிப் பலகைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எனக்கு அதைப் பார்க்கத் தெம்பில்லை.

"இல்ல சாமி" என்று கேட்டது.

திரும்பினேன். அவர் இரண்டு கையையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு மகனை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் போகலை."

அடுத்து வரப்போவதற்காகக் காத்திருந்தேன். முந்தின நாள் அத்தனை தடவை போனைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு அது பழகிவிட்டது. பிரபுவும் காத்திருந்தான். சமையலறை வாசலில் ருக்மணியம்மாவும் கரண்டியோடு நின்றிருந்தார். முதலாளி வாயை மூடிக்கொண்டார். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

பிரபு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய் ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து, கல்லாவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டான்.